பறவைக் காய்ச்சல் பிடிக்காத கோழி: வைரஸை விட்டுவிட்டுக் கோழியின் புரதத்தை மாற்றுவது எதற்கு?

சிறுவிடை_உசிலை

உசிலம்பட்டிப் பக்கம் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். ஆலப்புழையில் வாத்து செத்தது என்று செய்தி வந்தாலே போதும், குமுளியிலும் போடிமெட்டிலும் வண்டிகளுக்கு மருந்து அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே வியாபாரி "சீக்குக் காலம்ணே" என்று விலையை இறக்கிக் கேட்பார். என் கோழி ஒரு தும்மல்கூடப் போட்டிருக்காது, ஆனாலும் அதே விலைதான்.

பிரிட்டனில் மரபணுவைத் திருத்தி, பறவைக் காய்ச்சல் பிடிக்காத கோழி உண்டாக்கியிருக்கிறார்கள் என்று அக்கா மகன் சொன்னான். தடுப்பூசி இல்லையாம். வைரஸின் மேல் கையே வைக்கவில்லையாம். கோழியின் சொந்தப் புரதம் ஒன்றில் சின்ன மாற்றமாம். சீக்கு வைரஸால் வருகிறது. கோழியின் புரதத்தை மாற்றினால் அது எப்படி நிற்கும்? நாட்டுக்கோழிக்கு இது வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் எங்களுக்குப் புரிகிற மாதிரி.

நாகமலை_ஆய்வாளர்

அண்ணே, உங்கள் மருமகன் சொன்னது உண்மைதான். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுளூ வைரஸிடம் இருப்பது 8 துண்டு ஆர்என்ஏ, அவ்வளவுதான். எல்லாம் சேர்த்துச் சுமார் 13,500 எழுத்துகள். அதில் பத்துக்குச் சற்று மேலே புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது. மண்டபத்துக்குக் கரண்டியும் கைப்பக்குவமும் மட்டும் கொண்டுவரும் சமையல் மாஸ்டர் மாதிரி. அண்டா, அடுப்பு, விறகு, எடுபிடி ஆள் எல்லாம் மண்டபத்துக்காரர் பொறுப்பு. இங்கே மண்டபம் என்பது நம் செல், அல்லது கோழியின் செல்.

உள்ளே வருவதிலிருந்து பாருங்கள். செல்லின் மேல்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை தொங்குகிறது. வைரஸின் எச்ஏ புரதம் அதைப் பிடித்துத்தான் ஒட்டுகிறது. மனிதனின் மூக்கு, தொண்டைப் பகுதியில் அந்தச் சர்க்கரை ஒரு விதமாகவும் (ஆல்ஃபா 2,6 பிணைப்பு), வாத்தின் குடலில் வேறு விதமாகவும் (ஆல்ஃபா 2,3) கோக்கப்பட்டிருக்கிறது. பறவை வைரஸ் நம்மிடம் சுலபமாகத் தொற்றாததற்கு முதல் காரணம் இது. ஒட்டிய வைரஸைச் செல் ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தப் பைக்குள் அமிலம் ஏற்றுவது செல்லின் சொந்த பம்பு. அமிலம் ஏறினால்தான் எச்ஏ வடிவம் மாறி, வைரஸின் உறையும் பையின் சுவரும் ஒன்றாகும். பம்பை நிறுத்தினால் வைரஸ் பைக்குள்ளேயே கிடக்கும்.

அப்புறம் உட்கரு. பெரும்பாலான ஆர்என்ஏ வைரஸ்கள் உட்கருவுக்குள் போகாமலேயே வேலையை முடித்துவிடும். ஃபுளூ போகும். தனியாகப் போக முடியாது. இம்போர்ட்டின் என்ற செல் புரதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போனதும் அது செய்யும் காரியத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். செல் தனக்காக எழுதிவைத்த ஆர்என்ஏக்களின் தலைப்பகுதியை, பத்துப் பன்னிரண்டு எழுத்து அளவுக்கு, வெட்டி எடுத்துத் தன்னுடையதன் தலையில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தலை இருந்தால்தான் செல்லில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் அதைப் படிக்கும்.

இப்போது உங்கள் கோழிக்கு வருகிறேன். வைரஸ் தன் ஆர்என்ஏவைப் பிரதி எடுக்க பாலிமரேஸ் என்ற மூன்று பகுதி நொதியை வைத்திருக்கிறது. அது முழுமையாக வேலை செய்ய ஏஎன்பி32ஏ என்ற செல் புரதம் வேண்டும். இரண்டு பாலிமரேஸ்களைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது அதுதான். கோழியின் ஏஎன்பி32ஏ புரதத்தில் நம்முடையதைவிட 33 அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) கூடுதல். பறவை வைரஸின் பாலிமரேஸ் அந்தக் கூடுதல் துண்டுக்குப் பழகியது. 2016-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இதைக் கண்டுபிடித்தது. பறவை ஃபுளூ மனிதச் செல்லில் ஏன் திணறுகிறது, மனிதனுக்குப் பழகிய வைரஸ்களின் பிபி2 புரதத்தில் (பாலிமரேஸின் மூன்று பகுதிகளில் ஒன்று) 627-ஆம் இடம் ஏன் மாறியிருக்கிறது என்ற பழைய கேள்விக்கு அதில் பதில் கிடைத்தது. ஒரு கொசுறுச் செய்தி: நெருப்புக்கோழியிடம் அந்த 33 இல்லை.

2023-இல் ராஸ்லின், இம்பீரியல், பிர்பிரைட் என்ற மூன்று பிரிட்டன் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, கோழியின் ஏஎன்பி32ஏ புரதத்தில் 129, 130-ஆம் இடங்களில் இருக்கும் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றினார்கள். வைரஸ் பிடிக்கும் இடம் அதுதான். எச்9என்2 என்ற பறவை ஃபுளூ வைரஸை வழக்கமான அளவில் கொடுத்தபோது 10 கோழிகளில் 9-க்குத் தொற்றவில்லை.

மேலூர்_கால்நடை

தங்கச்சி நன்றாகச் சொல்லியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான், ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். உசிலைத் தம்பிக்கு இதுதான் கைக்கு எட்டும் விஷயம்.

எச்ஏ புரதம் செய்து முடித்தவுடன் வேலைக்கு ஆகாது. நடுவில் ஓர் இடத்தில் அதை வெட்ட வேண்டும். வெட்டும் கத்தி வைரஸிடம் இல்லை, செல்லின் புரதம் அறுக்கும் நொதிதான் கத்தி. சாதுவான பறவை ஃபுளூவில் அந்த வெட்டுமிடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்றே ஒன்று இருக்கும். டிரிப்சின் வகை நொதிகள்தான் அதை வெட்டும். அவை கோழியின் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டும். அதனால் சீக்கு அங்கேயே நிற்கும், கோழி பிழைக்கும், முட்டை குறையும். எச்5, எச்7 வகைகளில் சில, அந்த இடத்தில் வரிசையாக ஆர்ஜினின், லைசின் என்று சேர்த்துக்கொள்கின்றன. அதை ஃப்யூரின் என்ற நொதி வெட்டும். ஃப்யூரின் உடம்பில் இல்லாத இடமே கிடையாது. மூளை, இதயம், கணையம் எல்லாவற்றுக்கும் வைரஸ் பரவும். காலையில் தீனி தின்ற கோழி சாயங்காலம் கொண்டை நீலம் பாய்ந்து கிடக்கும்.

இதே கதைதான் வெள்ளைக் கழிச்சலிலும் (ராணிக்கெட் நோய்). ராணிக்கெட் வைரஸ் வேறு குடும்பம், ஃபுளூவுக்கு உறவில்லை. ஆனால் அதன் எஃப் புரதத்தையும் கோழியின் நொதி வெட்டியாக வேண்டும். குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு விடுகிறீர்களே லசோட்டா, அதுவும் உயிருள்ள ராணிக்கெட் வைரஸ்தான். அதன் வெட்டுமிடத்தை ஃப்யூரினால் வெட்ட முடியாது. அதனால் மூக்கோடும் குடலோடும் நின்று, எதிர்ப்புச் சக்தியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. ஊரில் கொல்லும் ரகத்தை ஃப்யூரின் வெட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசங்களில் முக்கியமானது இந்த ஒரு இடம்.

நம் பக்கம் கோடையில் கூட்டமாகக் கோழி செத்தால் பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல்தான். பறவைக் காய்ச்சல் என்று பேஸ்புக்கில் போடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

அழகர்கோயில்_வைத்தியம்

இதெல்லாம் எதற்கு? மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் அரைத்துத் தீனியில் வையுங்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் எந்த ஃபுளூ இருந்தது?

மேலூர்_கால்நடை

உங்கள் அப்பத்தா காலத்திலும் ‘கோழிச் சீக்கு’ வந்தால் கூடையே காலியாகும், கேட்டுப் பாருங்கள். மிளகு அரைத்து வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் சொட்டு மருந்தை விடட்டும், அப்புறம் அதை வைக்கட்டும்.

லேப்_அக்கா_தல்லாகுளம்

டாக்டர் ஐயா சொன்ன அந்தக் கத்தியைக் கண்ணால் பார்க்கலாம். வைரஸ் லேபில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

சாதாரண மனித ஃபுளூ மாதிரிகளை வளர்க்க இரண்டு வழி. ஒன்று, கருவுள்ள முட்டை. அடை வைத்து 9 முதல் 11 நாள் ஆன முட்டையை இருட்டறையில் விளக்குக்கு முன் பிடித்தால் ரத்தநாளம் சிவப்பு வலையாகத் தெரியும், நடுவில் கரு துள்ளும். காற்றறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, ரத்தநாளம் இல்லாத இடமாகப் பார்த்துச் சின்ன ஓட்டை போட்டு உள்ளே செலுத்துவோம். மெழுகு வைத்து அடைத்து இன்குபேட்டரில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் கருவைச் சுற்றியுள்ள நீரில் வைரஸ் நிறைந்துவிடும். எந்த நொதியும் நாம் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அந்த நீரில் ரத்தம் உறைய வைக்கும் பத்தாவது காரணியை ஒத்த நொதி இருக்கிறது, அதுவே எச்ஏவை வெட்டிவிடும்.

இரண்டாவது வழி நாயின் சிறுநீரகச் செல்கள், எம்டிசிகே என்போம். அந்தச் செல்கள் வைரஸை உள்ளே விடும், பெருக்கும், வெளியேயும் விடும். ஆனால் வெளியே வந்தது வெட்டப்படாத எச்ஏவோடு வரும். அடுத்த செல்லுக்குள் போக முடியாது. அதனால் வளர்ப்பு நீரில் டிரிப்சினைத் துளியளவு சேர்ப்போம். புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் இது: செல் வளர்க்கும்போது ஊற்றிய கன்றுச் சீரத்தை நன்றாகக் கழுவாமல் விட்டுவிடுவார்கள். சீரத்தில் டிரிப்சினைக் கட்டிப்போடும் புரதங்கள் இருக்கின்றன. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் செல் எல்லாம் ஆரோக்கியமாக, தரை விரிப்பு மாதிரி அப்படியே இருக்கும். "அக்கா, மாதிரியில் வைரஸே இல்லை" என்பார்கள். வைரஸ் இருக்கும், கத்தி இருக்காது.

வைரஸ் வளர்ந்ததா என்று பார்ப்பதும் ஒரு செல் பொருளை வைத்துத்தான். கோழி ரத்தச் சிவப்பணுவைக் குழித்தட்டில் ஊற்றினால், வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் சிவப்புப் பொட்டாக உட்காரும். வைரஸ் இருந்தால் அவற்றின் சியாலிக் அமிலத்தைப் பிடித்துக் கோத்துவிடும், குழி முழுக்க மங்கலாகப் படரும். இப்போதைய எச்3என்2 வைரஸ்கள் பல கோழி அணுவைச் சரியாகப் பிடிப்பதில்லை, கினிப் பன்றி ரத்தம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

பயோடெக்_திருநகர்

முதுகலை மாணவன். என் கேள்வி மருந்து பற்றியது. வைரஸ் புரதத்தைக் குறிவைத்தால் வைரஸ் மாறித் தப்பித்துவிடுகிறது. வைரஸின் எம்2 புரதத்தை அடைத்த அமான்டடின் இன்று ஃபுளூவுக்கு உதவாது. பாலிமரேஸின் வெட்டும் பகுதியை நிறுத்தும் பலாக்சவிர் 2018-இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது, அதற்குள் அதையும் தாண்டும் திரிபுகளைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் செல் புரதத்தைக் குறிவைத்தால் வைரஸ் என்ன செய்ய முடியும்? நம் மரபணுவை அது மாற்ற முடியாதே. அப்படியென்றால் இதுதான் தப்பிக்கவே முடியாத வழி இல்லையா? வகுப்பில் இப்படித்தான் சொன்னார்கள்.

நாகமலை_ஆய்வாளர்

தம்பி, அந்த வாக்கியம் எல்லாக் கட்டுரையின் முன்னுரையிலும் இருக்கும். நான் அதை நம்புவதில்லை. அந்தக் கோழிப் பரிசோதனையின் இரண்டாம் பாதியைப் படித்தால் நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

அதே திருத்திய கோழிகளுக்கு ஆயிரம் மடங்கு வைரஸ் கொடுத்தார்கள். 10-இல் 5-க்குத் தொற்றியது. அவற்றிலிருந்து எடுத்த வைரஸின் பாலிமரேஸில் திரிபுகள் இருந்தன. மாறிப்போன ஏஎன்பி32ஏவைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதுவரை சீண்டாமல் இருந்த ஏஎன்பி32பி, ஏஎன்பி32இ என்ற பங்காளிப் புரதங்களைப் பிடித்துக்கொண்டது. வைரஸ் நம் மரபணுவை மாற்ற வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

மூன்றையும் நீக்கினால்? கோழிச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்து மூன்றையும் நீக்கிப் பார்த்தார்கள், வைரஸ் வளரவில்லை. ஆனால் தட்டில் இருக்கும் செல் வேறு, முட்டையிட்டு மேயும் கோழி வேறு. இந்தப் புரதங்களுக்குச் செல்லில் சொந்த வேலைகள் உண்டு. எலியில் ஏஎன்பி32பியை நீக்கினால் பிறக்கும் குட்டிகளில் பல பிழைப்பதில்லை.

அதனால் எந்தச் செல் புரதத்தைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் நான் இரண்டே கேள்வி கேட்பேன். அது இல்லாமல் உடம்பு சமாளிக்குமா? அது இல்லாமல் வைரஸ் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுமா? முதல் கேள்வியில் அமிலப் பம்பு தோற்றுவிடும்: அது இல்லாமல் எந்தச் செல்லும் இல்லை. இரண்டாம் கேள்வியில் ஏஎன்பி32ஏ பாதி தோற்கிறது.

பயோடெக்_திருநகர்

அப்படியென்றால் டிஎம்பிஆர்எஸ்எஸ்2? மனித மூச்சுப்பாதையில் எச்ஏவை வெட்டுவது அதுதானே?

நாகமலை_ஆய்வாளர்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். என் பட்டியலில் அதற்குத்தான் அதிக மதிப்பெண். அந்த ஜீன் இல்லாத எலிகள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கின்றன, குட்டி போடுகின்றன. முதல் கேள்வியில் தேறிவிட்டது. 2013, 2014-இல் வந்த ஆய்வுகளில் அந்த எலிகளுக்கு எச்1என்1, எச்7என்9 கொடுத்தபோது நோய் முற்றவில்லை. எச்3என்2வில்தான் இழுபறி, வேறு நொதிகளும் அந்த எச்ஏவை வெட்டிக் கொடுக்கின்றன. பி வகை ஃபுளூவுக்கு எலியில் இந்த நொதி அவசியமே இல்லை. ஃப்யூரின் வெட்டும் எச்5 வகைக்குக் கேட்கவே வேண்டாம். ஆக, எந்த ஃபுளூ என்று தெரிந்தால்தான் இந்த மருந்து பலிக்குமா என்று சொல்ல முடியும்.

கூடவே ஒரு தகவல். ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் சில ரகங்கள் வெளிவிடும் நொதியும் எச்ஏவை வெட்டும் என்று 1987-லேயே எலியில் காட்டியிருக்கிறார்கள். ஃபுளூவோடு பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்தால் மோசமாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் மருந்து மனித நொதியை மட்டும் நிறுத்தினால் பாக்டீரியா கொண்டுவந்த கத்தியை என்ன செய்வது?

பயோடெக்_திருநகர்

சரி அக்கா. ஆனால் ஒவ்வொன்றாகப் பார்க்காமல், மனித ஜீன்களை எல்லாம் வரிசையாக அடக்கிப் பார்த்த பெரிய ஆய்வுகள் இருக்கின்றனவே. அதில் நல்லதாக ஒன்று கிடைக்காதா?

நாகமலை_ஆய்வாளர்

2010 பிப்ரவரியில் அப்படி இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. ஒன்றில் 295 ஜீன்கள், இன்னொன்றில் 287. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பொதுவாக இருந்த பெயர்கள் கொஞ்சம்தான். அதைப் பார்த்துச் சிலர் இந்த முறையே குப்பை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குழு வைரஸ் உள்ளே போய்ப் பெருகும் முற்பகுதியை அளந்தது. மற்றது புது வைரஸ் வெளியே வருவதையும் சேர்த்து அளந்தது. போதாததற்கு, ஜீனை முழுதாக எடுக்காமல் அடக்கி மட்டும் பார்க்கும் முறை இது. கொஞ்சம் புரதம் மிச்சமிருந்தாலே சிலவற்றுக்குப் போதும். பெயர்கள் பொருந்தாவிட்டாலும் வேலைகள் பொருந்தின: அமிலப் பம்பு, உட்கருவுக்குள் கொண்டுபோவது, ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசிங், செல்லுக்குள் சரக்கு ஏற்றும் பைகள்.

குழந்தைநல_டாக்டர்_அனுப்பானடி

எல்லோரும் வைரஸுக்கு உதவும் புரதங்களையே பேசுகிறீர்கள். எதிர்த்து நிற்பவையும் செல் புரதங்கள்தானே?

மருத்துவமனையில் நாங்கள் பார்ப்பது இதுதான்: ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஃபுளூ, இரண்டு பேர் கஷாயம் குடித்து எழுந்துவிடுவார்கள், மூன்றாவது பிள்ளைக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கும். வயது, சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் காரணம்தான். கூடவே ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதம். பைக்குள் வந்த வைரஸின் உறையும் பைச் சுவரும் ஒன்றாவதை அது தடுக்கும். இது இல்லாத எலிகள் சாதாரண ஃபுளூவிலேயே சுருண்டுவிடுகின்றன. இந்த ஜீனின் ஒரு மாற்று வடிவம் ஃபுளூவால் மருத்துவமனைக்கு வந்தவர்களில் அதிகம் இருந்தது என்று 2012-இல் எழுதினார்கள். அந்த வடிவம் கிழக்காசிய மக்களிடம் ஐரோப்பியர்களைவிட மிக அதிகம். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இதற்கென்று ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கும் நிலை இல்லை.

எம்எக்ஸ்ஏ இன்னொன்று. 1960-களின் தொடக்கத்தில் ஜான் லிண்டன்மான் ஃபுளூவில் சாகாத ஓர் எலி வம்சத்தைக் கவனித்தார், அங்கே தொடங்கிய கதை. வைரஸ் வந்ததைப் பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் சுரந்ததும் இந்தப் புரதம் உண்டாகி, வைரஸின் ஆர்என்ஏவைப் போர்த்தியிருக்கும் என்பி புரதத்தைக் குறிவைத்து மறிக்கிறது. பறவை வைரஸ்கள் பெரும்பாலும் இதில் மாட்டும். மனிதரிடம் நிலைத்த வைரஸ்கள் என்பியை மாற்றித் தாண்டி வந்தவை.

வைரஸ் சும்மா இருக்குமா? அதன் என்எஸ்1 புரதம் இன்டர்ஃபெரானுக்கு அபாயச் சங்கு ஊதும் டிரிம்25 புரதத்தைக் கட்டிப்போடும். அதற்குள் ஒரு சுற்றுப் பெருக்கம் முடிந்துவிடுகிறது. ஃபுளூ மருந்தான ஓசல்டமிவிரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்று நாங்கள் அவசரப்படுத்துவது அதனால்தான். மூன்று நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு நாலாம் நாள் மூச்சு வாங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்போதும் கொடுப்போம், ஆனால் நேரம் போயிருக்கும்.

சிறுவிடை_உசிலை

எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதியை மருமகனிடம் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். அந்தத் திருத்திய கோழியை வாங்க முடியுமா? கம்பம் பக்கம் இருந்து வாத்துக் கிடை எங்கள் கண்மாய்க்கு அறுப்பு முடிந்ததும் வரும். அந்த வாத்தெல்லாம் தெம்பாகத்தான் இருக்கிறது. அதனால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நாகமலை_ஆய்வாளர்

வாங்க முடியாது அண்ணே. ஆய்வுக் கூண்டில் இருப்பவை அவை, எந்தப் பண்ணைக்கும் விற்பனைக்கு வரவில்லை. பாதி மறித்து விட்டால் வைரஸுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் அவர்களே அவசரப்படவில்லை. வந்தாலும் பிராய்லர் கம்பெனிக்காரர்கள் ரகத்தில்தான் முதலில் வரும் என்பது என் ஊகம்.

மேலூர்_கால்நடை

வாத்து தெம்பாக இருப்பதுதான் தம்பி சிக்கலே. பல ஃபுளூ ரகங்களை வாத்து சுமந்துகொண்டு நோய் காட்டாமல் திரியும், எச்சத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்கும். வாத்தின் செல்லில் ரிக்-ஐ என்ற ஒரு புரதம் இருக்கிறது, வைரஸ் ஆர்என்ஏவை மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரானை உடனே கிளப்பிவிடும். கோழியிடம் அந்த ஜீனே இல்லை. ஒரே வைரஸ், ஒரே கண்மாய்த் தண்ணீர். வாத்து நீந்திப் போய்விடும், கோழி விழும்.

கிடை கண்மாயில் இருக்கும்வரை கோழியை அந்தப் பக்கம் மேய விடாதீர்கள். தண்ணீரைக் குழாயிலிருந்து வையுங்கள். கண்மாய்க்குப் போய்வந்த செருப்போடு கொட்டகைக்குள் நுழைய வேண்டாம். ஒரே நாளில் நாலைந்து கோழி விழுந்தால் அறுக்காதீர்கள், புதைக்கவும் அவசரப்படாதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டத்தில் நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, மாதிரி எடுத்து அனுப்புவார்கள். பறவைக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டால் போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் வரை போய்த்தான் உறுதியாகும். கறி, முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை, 70 டிகிரியைத் தாண்டினால் வைரஸ் நிற்காது. ஆஃப்பாயில் பிரியர்கள் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

வெள்ளைக் கழிச்சல் முகாம் வரும்போது ஒரு குஞ்சுகூட விடாமல் பிடித்துவந்து ஊசி போடுங்கள். எட்டு வாரக் குஞ்சுக்கு ஆர்2பி (கழிச்சல் தடுப்பூசி) போட்டாச்சா?

சிறுவிடை_உசிலை

லசோட்டா இரண்டு தடவை விட்டாச்சு டாக்டர் ஐயா. ஆர்2பி பாக்கி. நாளைக்கு மருந்தகத்தில் கேட்கிறேன். கிடைக்காரர்கள் அடுத்த மாசம்தான் வருவார்கள், அதற்குள் கொட்டகையைச் சுற்றி வலை கட்டிவிடுகிறேன்.